சும்மா இருக்க ஒரு வருடம், சேர்த்து வைக்கப் பல வருடம்

படிப்புக்கும் வேலைக்கும் நடுவே ஓராண்டு ஒதுங்கி நிற்பது மேலை நாட்டு இளைஞர்களின் வழக்கம். திருவனந்தபுரத்திலும் அந்த ஆண்டு உண்டு. பெயர்தான் வேறு. அதற்குப் பணம் கட்டும் கையும் வேறு.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே வர்க்கலையில், கடலைப் பார்த்து நிற்கும் செங்குன்றின் விளிம்பில் வரிசையாக விடுதிகள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே முதுகு மூட்டையோடு வந்து இறங்கும் வெளிநாட்டவரில் பலருக்கு வயது இருபதைச் சுற்றித்தான் இருக்கும். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகுமுன் ஊர் சுற்ற வந்த இங்கிலாந்து இளைஞர், கட்டாய ராணுவ சேவை முடிந்து சில மாதம் வேலை பார்த்துக் காசு சேர்த்துக்கொண்டு வந்த இஸ்ரேல்காரர் என்று பல ரகம். உணவகத்தில் தட்டு கழுவியோ கடையில் பில் போட்டோ சம்பாதித்த பணத்தில் ஆறு மாதமோ ஒரு வருடமோ உலகம் பார்ப்பது அவர்கள் ஊரில் வழக்கம். அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைக்கும் பையனுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அவன் அப்படி ஒரு வருடம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கிளம்பினால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

'கேப் இயர்' என்று அவர்கள் சொல்லும் இந்த இடைவெளி ஆண்டு பிரிட்டனில் 1960களிலும் 70களிலும் வேரூன்றிய பழக்கம். இன்று அங்கே பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிவிட்டு, சேருவதை ஓராண்டு தள்ளிவைக்க முறையான ஏற்பாடே உண்டு. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பராக் ஒபாமாவின் மூத்த மகள் மாலியா, 2016-இல் ஹார்வர்டில் இடம் கிடைத்தும் ஓராண்டு கழித்தே சேர்ந்தார். உலகமெங்கும் அது செய்தியானது. ஹார்வர்டுக்கு அது புதிதல்ல. அப்படி ஓர் ஆண்டு எடுத்துக்கொள்ளும்படி அதுவே மாணவர்களை ஊக்குவிக்கிறது.

மலையாளத்திலும் தமிழிலும் இதற்குச் சரியான சொல் கிடையாது. இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: 'பையன் வீட்டில் சும்மா இருக்கிறான்.' அதைச் சொல்லும்போது குரல் தானாகவே தாழ்ந்துவிடும்.

வேறு பெயரில் அதே ஆண்டு

ஆனால் இடைவெளி ஆண்டு என்பது கேரளத்துக்கோ தமிழ்நாட்டுக்கோ தெரியாத விஷயம் என்று சொல்லிவிட முடியாது. லட்சக்கணக்கான குடும்பங்கள் அதை அனுபவித்துக்கொண்டுதான் இருக்கின்றன. 'ரிப்பீட்டர்' என்பது அதன் உள்ளூர்ப் பெயர். பிளஸ் டூ முடித்து, மருத்துவ நுழைவுத் தேர்வில் மதிப்பெண் போதாமல், மறுபடி ஒரு வருடம் அதே பாடத்தை அதே வேகத்தில் படிக்கும் மாணவருக்கு அந்தப் பெயர். கேரளத்தின் பயிற்சி நிறுவனங்களில் ரிப்பீட்டர்களுக்கென்றே தனி வகுப்பு, தனி விடுதி, தனி நேர அட்டவணை எல்லாம் உண்டு.

தமிழ்நாட்டில் இந்த ஆண்டின் வரலாறு இன்னும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வை மாநில அரசு 2007-இல் சட்டம் இயற்றி நீக்கியது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றிருந்த அந்தப் பத்தாண்டில், மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஆண்டே பள்ளி முடித்தவர்கள். 2017-இல் நீட் வந்தது. அதன் விளைவுகளை ஆராய 2021-இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஏ.கே. ராஜன் குழு சொன்ன கணக்கு இது: 2016-17-இல் மருத்துவ இடம் பெற்றவர்களில் பழைய மாணவர்கள் 12.47 சதவீதம். 2020-21-இல் அதுவே 71.42 சதவீதம். பத்துப் பேர் சேர்ந்தால் ஏழு பேர் ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருந்து வந்தவர்கள். விரும்பி எடுத்த விடுப்பு அல்ல இது. ஆனாலும் இடைவெளி ஆண்டுதான். அதற்கும் பணம் வேண்டும்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு நிறுவனத்துக்கு நிறுவனம் பதில் மாறும். பயிற்சிக் கட்டணம், விடுதி வாடகை, சாப்பாடு, மாதிரித் தேர்வு, புத்தகம் எல்லாம் சேர்ந்தால் லட்சத்தை எளிதில் தாண்டிவிடும். தேர்வு விண்ணப்பத்துக்கு மட்டும் 2025-இல் பொதுப் பிரிவினர் 1,700 ரூபாய் கட்டினார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நீட் எழுதினார்கள். தகுதி மதிப்பெண் பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். எம்.பி.பி.எஸ். இடங்களோ அதைவிட மிகக் குறைவு. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லை. வயதுக்கான மேல் வரம்பும் 2022-இல் எடுக்கப்பட்டுவிட்டது. வரம்பு இல்லாத இடத்தில் நம்பிக்கைக்கும் வரம்பு இருப்பதில்லை. ஓர் ஆண்டு இரண்டாகிறது, இரண்டு மூன்றாகிறது.

இந்தச் செலவுக்கு வங்கிக் கல்விக் கடன் பொதுவாகக் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற படிப்பில் இடம் கிடைத்த பிறகுதான் அந்தக் கடன். இடத்தைப் பிடிப்பதற்கான செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில். எனவே கைகொடுப்பது நகைதான். முத்தூட், மணப்புரம் என்று நாடெங்கும் கிளை பரப்பிய நகைக் கடன் நிறுவனங்கள் கேரளத்தில் பிறந்தவை என்பது தற்செயல் அல்ல. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். பழைய வரம்பு 75 சதவீதம். மகனின் ஓராண்டு, அம்மாவின் வளையலாக லாக்கருக்குள் போய் உட்காருகிறது.

தலைநகரத்துக் காத்திருப்பு

திருவனந்தபுரம் அரசாங்க ஊர். தலைமைச் செயலகம், சட்டசபை, பட்டத்தில் இருக்கும் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் எல்லாம் இங்கேதான். அரசு வேலைக்குக் காத்திருப்பது இந்த ஊரின் கலாசாரத்தில் ஒரு பகுதி. தம்பானூர் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பி.எஸ்.சி. பயிற்சி விளம்பரங்கள் கண்ணில் படாமல் நடக்க முடியாது. கேரள பி.எஸ்.சி. விண்ணப்பக் கட்டணம் வாங்குவதில்லை. பொதுப் பிரிவினர் பல பதவிகளுக்கு 36 வயது வரை விண்ணப்பிக்கலாம். தேறியவர் பட்டியல் வந்தால் அது பொதுவாக மூன்றாண்டு வரை உயிரோடு இருக்கும். பட்டியலில் பெயர் வந்தும் வேலை வராமல் அது காலாவதியாகி, தலைமைச் செயலக வாசலில் உண்ணாவிரதம் இருப்பவர்களை இந்த ஊர் பல முறை பார்த்திருக்கிறது.

ஐ.ஏ.எஸ். கனவு இன்னும் விலை கூடியது. 2024-ஆம் ஆண்டு சிவில் சர்வீஸ் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 10 லட்சம் பேர். முதல்நிலைத் தேர்வை உண்மையிலேயே எழுதியவர்கள் சுமார் 5.8 லட்சம். கடைசியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,009. பொதுப் பிரிவினருக்கு ஆறு வாய்ப்பு, பிற்படுத்தப்பட்டோருக்கு ஒன்பது. ஆறு வாய்ப்பு என்றால் ஆறு ஆண்டு. ஆறு ஆண்டும் சம்பாதிக்காமல் சாப்பிட ஒரு குடும்பம் பின்னால் நிற்க வேண்டும். திருவனந்தபுரத்தில் மாநில அரசே சிவில் சர்வீஸ் அகாடமி ஒன்றை 2005 முதல் நடத்துகிறது. தனியாரைவிட அங்கே செலவு குறைவு. ஆனால் செலவில் பெரிய பங்கு பயிற்சிக் கட்டணமல்ல. சம்பாதிக்காமல் போன மாதங்கள்தான்.

அந்த மாதங்களின் கணம் கேரளத்தில் கூடுதல். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு (2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை), கேரளத்தில் 15 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களிடையே வேலையின்மை விகிதம் 29.9 சதவீதம் என்கிறது. நாட்டிலேயே மிக அதிகமான விகிதங்களில் இது ஒன்று. பெண்களை மட்டும் எடுத்தால் 47 சதவீதம். அதாவது படித்த பெண்ணின் இடைவெளி ஆண்டு பெரும்பாலும் அவள் தேர்ந்தெடுத்தது அல்ல. அவள் மேல் வந்து விழுந்தது.

சர்க்கார் கொடுத்த இருபது வருடம்

இந்த ஊரில் இன்னொரு வகை இடைவெளியும் உண்டு. அது அரசு ஊழியருக்கு மட்டும் கிடைத்த வரம். கேரள அரசு ஊழியர்கள் சம்பளமில்லா விடுப்பில் வெளிநாடு சென்று வேலை பார்க்க, படிக்க, கணவனோடோ மனைவியோடோ இருக்க அனுமதி உண்டு. ஒருவர் பணிக்காலம் முழுவதிலும் இப்படி இருபது ஆண்டு வரை எடுக்கலாம் என்றிருந்தது. நர்ஸ்கள், டாக்டர்கள், ஆசிரியர்கள் பலர் வளைகுடாவில் சம்பாதித்துக்கொண்டே இங்கே நாற்காலியைப் பத்திரமாக வைத்திருந்தது இந்த விதியால்தான். 2020 நவம்பரில் மாநில அமைச்சரவை இதை ஐந்தாண்டாகக் குறைத்தது. ஐந்தாண்டு முடிந்தும் திரும்பாதவர் ராஜினாமா செய்ததாகக் கருதப்படுவார்.

குறைந்தது ஐந்தாண்டு என்றாலும் அது பெரிய சலுகைதான். கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் வாசலில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு அந்த ஐந்து நாள்கூடக் கிடையாது. 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க், நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. அங்கே ஓராண்டு ஓய்வு வேண்டும் என்றால் பெரும்பாலும் ஒரே வழி ராஜினாமா. ராஜினாமா செய்தால் மாதச் சம்பளத்தோடு சேர்ந்து வேறு சிலவும் போகும். நிறுவனம் எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடு அன்றோடு முடியும். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திராவிட்டால், நிரந்தர ஊழியருக்குக்கூட கிராஜுவிட்டி இல்லை. பி.எஃப். பணத்தை நம்பியும் இறங்க முடியாது. 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு எடுத்த முடிவின்படி, வேலையை விட்டவுடன் முக்கால் பங்கை எடுக்கலாம். மீதிக் கால் பங்குக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

பதினைந்து மாதப் பணம்

ஆகவே சொந்தக் காசில் ஓராண்டு ஒதுங்க நினைப்பவர் எவ்வளவு சேர்க்க வேண்டும்? ஐ.டி. துறையில் புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சம் ரூபாய் என்பது பல வருடமாகப் பெரிதாக மாறாத கணக்கு. கைக்கு வருவது மாதம் 25 ஆயிரத்தை ஒட்டி. வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது போக 10 ஆயிரத்தைத் தனியே எடுத்து வைக்க முடிந்தால் அதுவே சாமர்த்தியம். வங்கியில் தொடர் வைப்பில் மாதம் 10 ஆயிரம், வட்டி 6.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு வருட முடிவில் கையில் இருப்பது சுமார் 2.56 லட்சம். அதில் வட்டி 16 ஆயிரம் சொச்சம்தான். மீதி முழுவதும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது.

இந்தப் பணம் எவ்வளவு நாள் வரும்? மாதம் 15 ஆயிரத்தில் சிக்கனமாக வாழ்ந்தால் பன்னிரண்டு மாதத்துக்கு 1.8 லட்சம். பலர் இங்கே கணக்கை முடித்துவிடுகிறார்கள். தவறு அங்கேதான். விடுப்பு முடிந்த மறுநாளே வேலை கிடைத்துவிடாது. தேடுவதற்கு மூன்று மாதமாவது வேண்டும். ஓராண்டு விடுப்புக்குப் பதினைந்து மாதப் பணம் வேண்டும் என்பதே உண்மையான கணக்கு. 2.25 லட்சம் அதற்கே போய்விட்டால் மிச்சம் 31 ஆயிரம். ரயில் டிக்கெட்டும் பனிக்குல்லாயும் வாங்கலாம். ஒரு ஆஸ்பத்திரிப் படுக்கைக்குக்கூட அது போதாது. எனவே தனியே ஒரு மருத்துவக் காப்பீடு இல்லாமல் கிளம்புவது சேமிப்பை ஒரே ஒரு காய்ச்சலிடம் பணயம் வைப்பது போல.

கேரளத்துக்காரர் பலருக்கு வங்கியைவிட நெருக்கமானது சிட்டி. தமிழில் ஏலச் சீட்டு. திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1969 முதல் மாநில அரசே நடத்தும் கே.எஸ்.எஃப்.இ. நிறுவனத்தின் சீட்டில் சேராத நடுத்தரக் குடும்பம் கேரளத்தில் அபூர்வம். அரசு நடத்துவதால் ஓடிப்போகும் பயம் இல்லை. மாதம் 10 ஆயிரம், 25 பேர், 25 மாதம், தொகை 2.5 லட்சம் என்று ஒரு சீட்டு. அவசரக்காரர் ஒருவர் அதிகபட்சத் தள்ளுபடியான 30 சதவீதத்தை விட்டுக்கொடுத்து 1.75 லட்சத்தை எடுத்துக்கொள்கிறார். விட்டுக்கொடுத்த 75 ஆயிரத்தில் நிறுவனத்தின் கமிஷன் 5 சதவீதம், அதாவது 12,500. மீதி 62,500 ரூபாய் 25 பேருக்கும் பகிரப்படுகிறது. ஆளுக்கு 2,500. அந்தத் தவணைக்கு 7,500 கட்டினால் போதும். கடைசி வரை பொறுமையாக இருப்பவர் குறைவாகக் கட்டிக் கமிஷன் போக 2,37,500 ரூபாயை வாங்குகிறார்.

ஓராண்டு விடுப்புக்குச் சேர்ப்பவர் இந்தச் சீட்டில் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. பாதியில் ஏலம் எடுத்து அந்தப் பணத்தில் வேலையை விட்டுக் கிளம்பினால், மீதித் தவணை முழுவதும் கூடவே வரும். சம்பளமே இல்லாத மாதத்தில் சீட்டுப் பணம் கட்ட வேண்டும். எடுக்கும்போது ஜாமீனும் கொடுத்திருக்க வேண்டும். ஜாமீன் போட்டவர் பெரும்பாலும் மாமாவோ சித்தப்பாவோ. தவணை தவறினால் கடிதம் அவர் வீட்டுக்குப் போகும். சீட்டு முடிகிற மாதத்தையும் ராஜினாமா மாதத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்பவரே புத்திசாலி.

குலுக்கலில் ஒரு வருடம்

உள்நாட்டில் சுற்றுவதோடு திருப்தி அடையாதவர்களுக்கு அண்மையில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. முதலாவது, இந்தியாவும் பிரிட்டனும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 2023-இல் தொடங்கிய இளம் தொழில்முறையாளர் திட்டம். ஆண்டுக்கு 3,000 இடம். வயது 18 முதல் 30, குறைந்தது ஒரு பட்டம். குலுக்கலில் பெயர் விழுந்தால் இரண்டு வருடம் அங்கே தங்கலாம், வேலை பார்க்கலாம், படிக்கலாம். குலுக்கலில் சேர ஒரு காசும் இல்லை. விழுந்த பிறகுதான் செலவு. வங்கிக் கணக்கில் 2,530 பவுண்டு, ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய், தொடர்ந்து 28 நாள் அசையாமல் இருக்க வேண்டும். விசா கட்டணம் தனி. மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு என்ற கணக்கில் இரண்டு வருடத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

இரண்டாவது ஜன்னல் ஆஸ்திரேலியா. அந்நாட்டின் 'ஒர்க் அண்ட் ஹாலிடே' விசா பல நாடுகளுக்கு எப்போதோ வந்துவிட்டது. இந்தியர்களுக்கு 2024 அக்டோபரில்தான் முதல் முறையாகத் திறந்தது. ஆண்டுக்கு 1,000 பேர். 18 முதல் 30 வயதுக்குள் இருக்க வேண்டும். ஊர் சுற்றிக்கொண்டே கையில் கிடைத்த வேலையைப் பார்த்துச் செலவைச் சமாளிக்கலாம். முழுக்க முழுக்க இடைவெளி ஆண்டுக்கென்றே செய்த விசா இது. முதல் இரண்டு வாரத்திலேயே சுமார் 40 ஆயிரம் இந்தியர்கள் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தார்கள். இதற்கும் கையில் 5,000 ஆஸ்திரேலிய டாலர், சுமார் 3 லட்சம் ரூபாய், இருப்பதாகக் காட்ட வேண்டும். விமான டிக்கெட்டுக்குத் தனிப் பணம்.

இரண்டு நாடுகளும் கேட்பது ஒரே விஷயத்தை. வந்து இறங்கும் அன்று நீ எங்கள் மேல் பாரமாக இருக்கக்கூடாது. கல்விக்காகப் போகிறவர்களிடம் இதே கேள்வி இன்னும் பெரிய எண்ணோடு வருகிறது. ஜெர்மனியில் படிக்கப் போகும் மாணவர் 2024 செப்டம்பரிலிருந்து முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோவுக்கு மேல் அதிலிருந்து எடுக்க முடியாது. ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். ஒரு வருட வாழ்க்கையை முன்பணமாகக் கட்டிவிட்டுத்தான் விமானம் ஏற முடியும். திருவனந்தபுரத்தில் பேராசிரியர் எஸ். இருதயராஜன் தலைமையில் நடந்த கேரள இடம்பெயர்வு ஆய்வு, வெளிநாடு சென்ற மாநில மாணவர்களின் எண்ணிக்கை 2018-இல் 1.29 லட்சம், 2023-இல் சுமார் 2.5 லட்சம் என்கிறது. இந்தக் கணக்குகளில் கிடக்கும் பணம் எத்தனை வீட்டுப் பத்திரங்களின் மேல் வாங்கியது என்பதை அடமானம் வைத்த தகப்பன்மார்தான் அறிவார்கள்.

டீக்கடையின் பாடம்

சேமித்து உலகம் பார்த்தவர்கள் என்று கேரளத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பெயர் ஐ.டி. இளைஞருடையது அல்ல. கொச்சி காந்தி நகரில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சிறிய டீக்கடை நடத்திய கே.ஆர். விஜயனும் அவர் மனைவி மோகனாவும்தான். நாள் வருமானத்தில் 300 ரூபாயைத் தனியே எடுத்து வைப்பது அவர்களின் வழக்கம். ஒரு நாளும் தவறாமல் வைத்தால் வருடத்துக்கு 1,09,500 ரூபாய். அது போதாதபோது வங்கியில் கடன் வாங்கினார்கள். ஊர் திரும்பி, டீ ஆற்றி, இரண்டு மூன்று வருடத்தில் அதை அடைத்தார்கள். அடைத்து முடித்ததும் அடுத்த நாடு. 2007-இல் தொடங்கி 2021 வரை 26 நாடுகள். அவர்களைப் பற்றி ஆவணப்படமே வந்தது. தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா 2019-இல் அவர்களைப் பாராட்டி எழுதிய பிறகு நாடு முழுவதும் தெரிந்தது. 2021 அக்டோபரில் ரஷ்யா போய் வந்தார்கள். அடுத்த மாதம் 19-ஆம் தேதி விஜயன் மாரடைப்பில் காலமானார். அப்போது வயது 71.

அவர்கள் ஓராண்டு விடுப்பு எடுத்தவர்கள் அல்ல. சில வாரம் கடையைப் பூட்டிவிட்டுப் போய்த் திரும்பி வந்து பால் காய்ச்சியவர்கள். ஆனால் சேமிப்பைப் பற்றி அவர்கள் கற்றுத் தரும் பாடம் இளைஞருக்கும் பொருந்தும். ஒன்று, மாதக் கடைசியில் மிஞ்சியதைச் சேமிக்கவில்லை. கல்லாவிலிருந்து முதலில் எடுத்தது அந்த 300 ரூபாயை. இரண்டு, கடன் வாங்கினாலும் அதை அடைக்கும் அடுப்பை அணைக்கவில்லை. கடை இருந்தது, திரும்பி வந்தால் வாடிக்கையாளர் இருந்தார்கள். வேலையை விட்டுவிட்டுக் கடனிலேயே கிளம்பும் இளைஞருக்கு அந்த அடுப்பு இல்லை. அவர் கடன் வாங்கக் கூடாது, சேமிக்கத்தான் வேண்டும்.

யாருடைய பணம், யாருடைய வருடம்

மேலை நாட்டு இளைஞருக்கும் இங்கத்தியவருக்கும் உள்ள வித்தியாசம் துணிச்சலில் இல்லை. பதினெட்டு வயதில் மூன்று மாதம் கடையில் நின்றால் ஆறு மாதம் வர்க்கலையில் இருக்கலாம் என்ற கூலிக் கணக்கு அவருக்குச் சாதகமாக இருக்கிறது. பவுண்டு சம்பாதித்து ரூபாய் செலவழிப்பவரும், ரூபாய் சம்பாதித்துப் பவுண்டு காட்ட வேண்டியவரும் ஒரே பந்தயத்தில் ஓடுவதில்லை.

இன்னொரு வித்தியாசம் வீட்டுக்குள் இருக்கிறது. கேரளத்திலும் சரி, எல்லைக்கு இப்பால் நாகர்கோவிலிலும் சரி, வேலைக்குப் போகும் மகள் மாதம் 10 ஆயிரம் சேர்த்தால் அந்தப் பணத்துக்குப் பெயர் முன்பே வைக்கப்பட்டுவிடும். அது கல்யாண நகை. அதை அவள் ஒரு வருடம் ஊர் சுற்றவோ, வேலையை விட்டு வேறு படிக்கவோ செலவழித்தால் காசு போனது பற்றி மட்டும் பேச்சு வராது. மகனுக்கு ரிப்பீட்டர் வருடத்துக்காக வளையலைக் கழற்றிக் கொடுத்த அதே வீடு, மகள் தன் சம்பளத்தில் கேட்கும் ஒரு வருடத்துக்குக் காரணம் கேட்கும். அதனால்தான் பெண்களின் சேமிப்பில் முதல் கேள்வி வட்டி விகிதம் அல்ல. கணக்கு யார் பெயரில் இருக்கிறது, ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

திரும்பி வந்த பிறகு பயோடேட்டாவில் இருக்கும் அந்தப் பன்னிரண்டு மாத வெற்றிடத்தைப் பற்றி நேர்முகத் தேர்வில் கேட்பார்கள். நீட் எழுதினேன், பி.எஸ்.சி.க்குப் படித்தேன் என்றால் தலையாட்டுவார்கள். இந்தியாவைச் சுற்றிப் பார்த்தேன், அப்பாவைக் கவனித்துக்கொண்டேன், ஓய்வெடுத்தேன் என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். தோற்றுப்போன ஒரு வருடத்துக்குச் சமூகம் அனுதாபப்படும். தானே சேர்த்த காசில் ஒருவர் வாங்கிய ஒரு வருடத்தை மட்டும் அது இன்னும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது.